ஓசூர், தர்மபுரி பக்கத்திலிருந்து ஆன்லைனில் கத்தி விற்பது எப்படி: முதல் பார்சல் வரை

கத்தி விற்பவர் பணம் இழப்பது பெரும்பாலும் துருவிலும் பேக்கிங்கிலும்தான். அதனால் அந்த இரண்டுக்கும் கீழே கூடுதல் இடம்.

1. எதை விற்கலாம்?

சமையல் கத்தி, அரிவாள்மனை, கதிர் அரிவாள், மல்பெரி வெட்டும் அரிவாள், கொடுவாள். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் என்றே செய்தவற்றோடு நின்றுவிடுங்கள். ஆயுத விதிகளின்படி அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் ஆயுதக் கணக்கில் வரலாம். வீடு, விவசாயம், தொழில் வேலைக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. கொடுவாள் அந்த விலக்கில்தான் நிற்கிறது. எனவே எந்த வேலைக்கு என்பதை விளம்பரத்திலும் பில்லிலும் எழுதுங்கள். பட்டன் அழுத்தினால் திறக்கும் கத்தி, குத்துவாள் பக்கமே போகாதீர்கள்.

2021இல் தமிழகம் முழுக்க ரவுடி வேட்டை நடந்தபோது, வாங்குபவரின் பெயர், முகவரி, போன் நம்பரை எழுதி வைக்கும்படி கத்தி, அரிவாள் பட்டறைகளுக்குக் காவல்துறை அறிவுறுத்தியது. ஆன்லைன் ஆர்டரில் இவை தானாகவே கிடைத்துவிடும். அழிக்காமல் மாதவாரியாகச் சேமித்து வையுங்கள்.

2. ஜிஎஸ்டி

2023 அக்டோபர் முதல் சிறு விற்பனையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலும் ஆன்லைன் தளங்களில் பொருள் விற்கலாம். ஆனால் மாநிலத்துக்குள் மட்டும். ஓசூர்க்காரருக்கு இதுதான் சிக்கல். கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெங்களூரு வேறு மாநிலம். அங்கே இருந்துதான் ஆர்டர் வரும் என்று நினைத்தால் முதலிலேயே பதிவு எடுத்துவிடுங்கள். பில்லில் போடும் ஹெச்எஸ்என் (சரக்கு வகைக் குறியீட்டு எண்) கத்திக்கு 8211, அரிவாளுக்கு 8201. இரண்டுக்கும் வரி வேறு. மாற்றிப் போட்டால் பில் தப்பாகும்.

3. சரக்கு

கமான் பட்டையில் (லாரி, பஸ்ஸின் ஸ்பிரிங் பட்டை) அடித்த கத்தி நன்றாகக் கூர் பிடிக்கும், ஆனால் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் என்று வாங்கும்போது கிரேடு கேளுங்கள். 304 பாத்திரத்துக்கு நல்லது, கத்திக்கு ஆகாது. சூடேற்றிக் குளிர்வித்தாலும் அது கெட்டிப்படாது, கூர் சீக்கிரம் மழுங்கும். 420 போன்ற கிரேடுகள் கெட்டிப்படும்.

பட்டறையிலிருந்து வந்த அன்றே துடைத்து எண்ணெய் பூசுங்கள். விரல் வியர்வை பட்ட இடத்தில்தான் துரு முதலில் கிளம்பும். ரேகை அப்படியே பழுப்பாகத் தெரியும். கடலை எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுக்கும். மெடிக்கல் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் போதும். ஒரு கத்திக்கு நாலைந்து சொட்டு.

4. படம், விவரம்

யாரும் கையில் பிடித்திருக்கும் படம் வேண்டாம். பலகை மேல் வெண்டைக்காயோ வெங்காயமோ வைத்து, பக்கத்தில் ஸ்கேல் தெரியும்படி, ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் வைத்தால் அலகின் பளபளப்பு கண்ணைக் கூசாது. அலகு நீளம், மொத்த நீளம், முதுகுத் தடிமன், எடை நான்கையும் தனித்தனியாகக் கொடுங்கள். "10 அங்குலக் கத்தி" என்று மட்டும் போட்டால் அலகே 10 அங்குலம் என்று நினைத்து வாங்கித் திருப்பி அனுப்புவார்கள். பட்டறைக் கத்தி என்றால் துருப்பிடிக்கும், துடைத்து வைக்கவும் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். கவரில் தயாரித்தவர் அல்லது பேக் செய்தவர் முகவரி, மாதம், ஆண்டு, எண்ணிக்கை, வரி சேர்த்த எம்ஆர்பி, புகார் தொடர்பு எண் இருக்க வேண்டும்.

5. பேக்கிங்

அலகு 15 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். 20 × 12 செ.மீ. அளவில் நெளி அட்டை வெட்டுங்கள். அட்டைக்குள் ஓடும் நெளிக்குழாய்கள் அலகுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் இருந்தால் முனை ஒரு குழாய்க்குள் புகுந்து நேராக வெளியே வந்துவிடும். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான்.

அட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்பில் கத்தியின் முதுகு படும்படி வையுங்கள். கூரான வாய்ப்பக்கம் 2 செ.மீ. இடைவெளி கிடைக்கும். முனையைத் தாண்டி மிஞ்சும் 5 செ.மீ. அட்டையைத் திருப்பி மடித்து, சுற்றிலும் டேப் ஒட்டுங்கள். டேப் அலகில் படக்கூடாது. பிய்க்கும்போது வாங்கியவர் கை வெட்டும். உறை நழுவாமல் இருக்க, கைப்பிடியோடு சேர்த்து ஒரு கேபிள் டை போடுங்கள். "கூரானது, கைப்பிடியைப் பிடித்து எடுக்கவும்" என்று உறை மேலேயே எழுதுங்கள், பெட்டி மேல் மட்டும் எழுதினால் பயனில்லை.

பெட்டி சிறிதாக இருக்கட்டும். கூரியரில் நீளம் × அகலம் × உயரம் (செ.மீ.) ÷ 5000 என்று எடை போடுவது வழக்கம். 35 × 10 × 5 பெட்டி 350 கிராம். 40 × 20 × 10 பெட்டி 1.6 கிலோ. கத்தி ஒன்றுதான், கட்டணம் வேறு. பெட்டியை மூடிவிட்டுக் குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் உள்ளே காகிதம் திணிக்க வேண்டும்.

6. அனுப்புவதும் திரும்பி வருவதும்

கத்தி எடுப்பீர்களா என்று கூரியர் கிளையில் முன்கூட்டியே கேளுங்கள். சில கிளைகள் மறுக்கும். பில்லில் "சமையல் கத்தி" என்று வெளிப்படையாகப் போடுங்கள். "வீட்டுச் சாமான்" என்று மறைத்து எழுதினால் சோதனையில் பார்சல் நின்றுவிடும்.

ஆரம்பத்தில் கேஷ் ஆன் டெலிவரி வேண்டாம். வாங்காமல் திரும்பும் பார்சலுக்குப் போக, வர இரண்டு கூலியும் உங்கள் தலையில்தான். திரும்பி வந்த கத்தியைத் துடைத்து, எண்ணெய் பூசி, புது உறையில் போடாமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். பழைய அட்டை ஈரத்தை உறிஞ்சியிருக்கும்.