பிரான்சைஸ் கடையை விற்கும்போது தொடர் வருமானத்துக்கு விலை வாங்குவது எப்படி?

கடையை வாங்க வருபவர், நீங்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன அடுத்த மாதம் கல்லாவில் என்ன விழும் என்பதைத்தான் முதலில் பார்ப்பார். போன வருட விற்பனை அதற்குப் பிறகுதான்.

யாழ்ப்பாணத்தில் குடிநீர் வடிகட்டி விற்கும் பிரான்சைஸை, அதாவது ஒரு கொம்பனியின் பெயரில் உரிமம் எடுத்து நடத்தும் கடையை, எடுத்துக்கொள்வோம். இங்கே நிலத்தடி நீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. கல் படிந்து மெம்பிரேன், அதாவது மெஷினுக்குள் நீரை வடிக்கும் மெல்லிய சவ்வு, அடைபடும். மெஷினை ஒருமுறைதான் விற்கலாம்; வடிகட்டி மாற்றும் வேலை வருடா வருடம் வரும். அந்த வேலையை வருடாந்தப் பராமரிப்பு ஒப்பந்தமாக எழுதி வைத்திருப்பவருக்குத்தான் நல்ல விலை படியும்.

விலைக் கணக்கு இது: வருட விற்பனையில் பொருள் விலை, வாடகை, சம்பளம், றோயல்ற்றி (விற்பனையில் கொம்பனிக்குக் கட்டும் பங்கு) எல்லாவற்றையும் கழியுங்கள். கடையில் நிற்கும் உங்களுக்கும் ஒரு மனேச்சர் சம்பளம் போட்டுக் கழியுங்கள். பலர் விடும் பிழை இதுதான். மிச்சத்தை எத்தனை மடங்காக்குவது என்பதே பேரம். இரண்டு கடைகளுக்கும் மிச்சம் 30 இலட்சம் என்று வையுங்கள். மெஷின் விற்பனையை மட்டும் நம்பிய கடைக்கு 2 மடங்கு, அதாவது 60 இலட்சம் படிந்தால், பாதிக்கு மேல் ஒப்பந்த வருமானம் உள்ள கடைக்கு 3 மடங்கு, 90 இலட்சம் கேட்க இடமுண்டு. மடங்கு தொழிலுக்குத் தொழில் மாறும்.

ஆனால் "150 ஒப்பந்தம் இருக்கு" என்று சொன்னால் மட்டும் எவரும் காசைக் கூட்டமாட்டார். எத்தனை புதுப்பிக்கப்பட்டன என்று கேட்பார்கள். நூற்றுக்கு 80 புதுப்பித்தால் 100 ஒப்பந்தம் மூன்று வருடத்தில் 51 ஆகும். 60 புதுப்பித்தால் 22தான். ஆகவே குறைந்தது 24 மாதத்துக்கு, தொடங்கிய திகதி, முடியும் திகதி, கட்டிய தொகை, புதுப்பித்தாரா என்று ஒரு அட்டவணை வைத்திருங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன மெஷின்களைத் தனி நிரலில் எழுதுங்கள். அவர்கள் போனபின் வீடு பூட்டிக் கிடந்தால் அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. பெற்றோருக்காக அங்கிருந்தே காசு கட்டுபவர்களை அவர்களோடு கலக்க வேண்டாம்.

ஒப்பந்தத்தில் உண்மையில் இலாபம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வருடத்துக்கு 12,000 ரூபா வாங்குகிறீர்கள் என்றால், வடிகட்டித் தொகுதி 5,500, இரண்டு தடவை ஆளை அனுப்ப 2,400, நூற்றுக்கு 8 றோயல்ற்றி 960 போக, கையில் நிற்பது 3,140. காரைநகர் போன்ற தூர இடத்துக்கு மேலும் ஒரு தடவை போனால் அதுவும் கரையும். றோயல்ற்றி பெரும்பாலும் மொத்த விற்பனையில் வெட்டப்படுவதால், விலையைக் குறைத்து ஆள் சேர்த்தால் கடைக்குத்தான் நட்டம்.

முற்பணம் இன்னொரு பொறி. 40 பேர் ஜனவரியில் தலைக்கு 12,000 கட்டிவிட்டார்கள். யூன் முடிவில் கடையை விற்கிறீர்கள். மிச்ச ஆறு மாதத்துக்கான 2,40,000 ரூபா வாங்குபவர் செய்து கொடுக்க வேண்டிய வேலை. அது உங்கள் இலாபம் இல்லை, விலையில் கழிபடும். பேச்சின் தொடக்கத்திலேயே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் அவராகக் கண்டுபிடித்தால் மற்றக் கணக்குகளையும் சந்தேகிப்பார்.

பிரான்சைஸ் ஒப்பந்தத்தைச் சட்டத்தரணியோடு இருந்து வாசியுங்கள். வாடிக்கையாளர் பட்டியல் யாருக்குச் சொந்தம்? காசு கொம்பனியின் செயலி வழியாகப் போகிறதா? கைமாற்ற அனுமதியும் கட்டணமும் என்ன? உரிமக் காலம் 14 மாதம்தான் மிச்சம் என்றால், மூன்று வருட வருமானத்துக்கு யாரும் விலை தரமாட்டார். முதலில் அதைப் புதுப்பியுங்கள்.

விற்பதற்கு ஒரு வருடம் முன்பே உங்கள் கைத்தொலைபேசிக்கு வரும் அழைப்புகளைக் கடை இலக்கத்துக்கு மாற்றுங்கள். "அண்ணை, நீங்களே வாங்கோ" என்று அழைப்பவர்களுக்கு வேலையாளை அறிமுகம் செய்துவையுங்கள். காசு கடையின் வங்கிக் கணக்கில் விழட்டும். பற்றுச்சீட்டுப் புத்தகத்தை மட்டும் நம்பி எவரும் விலை பேசமாட்டார்.

அப்படியும் வாங்குபவர் தயங்கினால் விலையைப் பிரியுங்கள்: 90 இல் 70 இலட்சம் கையெழுத்தன்று, மிச்சம் 20 பன்னிரண்டு மாதம் கழித்து, நூற்றுக்கு 75 ஒப்பந்தமாவது புதுப்பிக்கப்பட்டால். புதுப்பித்தல் என்று எதை எண்ணுவது, அந்தக் கணக்கை யார் பார்ப்பது என்பதையும் விற்பனை உடன்படிக்கையிலேயே எழுதுங்கள்.