வானிலை மாதிரியில் தரையைத் திருத்துதல்: தொடக்க மண் ஈரத்திலிருந்து ஆரம்பியுங்கள்

பகல் வெப்பநிலைக் கணிப்பு தொடர்ந்து ஒரே பக்கமாகப் பிழைத்தால், தரை மாதிரியையே (நிலத்தின் வெப்பத்தையும் நீரையும் கணக்கிடும் பகுதி) மாற்றிவிடத் தோன்றும். அதற்கு முன் தொடக்க மண் ஈரத்தைப் பாருங்கள். வரும் சூரிய ஆற்றலில் எவ்வளவு நீரை ஆவியாக்கும், எவ்வளவு காற்றைச் சூடாக்கும் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. மாதிரியின் மண் வறண்டிருந்தால் பகல் வெப்பம் கூடும், 2 மீட்டர் உயரத்துக் காற்றின் ஈரப்பதம் குறையும், தரையை ஒட்டிய காற்றடுக்கான எல்லைப்படலம் தேவைக்கு மேல் வளரும். மூன்றும் சேர்ந்து தெரிந்தால் மண்ணைச் சந்தேகியுங்கள். வெப்பம் மட்டும் பிசகினால், மேகத்தையும் கதிர்வீச்சையும் முதலில் சோதியுங்கள்.

வேறொரு மாதிரியின் மண் ஈர எண்களை அப்படியே ஏற்றுவதுதான் அடிக்கடி நேரும் தவறு. ஈஆர்ஏ5 என்ற ஐரோப்பிய மறுபகுப்பாய்வுத் தரவில் மண் அடுக்குகள் 7, 28, 100, 289 செ.மீ. ஆழங்களில் முடிகின்றன, நோவா என்ற தரை மாதிரியில் 10, 40, 100, 200. ஆழத்தைப் பொருத்தினால் மட்டும் போதாது. வாடல் நிலையும் (செடி நீரெடுக்க முடியாமல் வாடும் ஈரம்) வயல் கொள்ளளவும் (நீர் வடிந்தபின் மண் பிடித்துவைக்கும் ஈரம்) இரண்டிலும் வேறு. அந்த இரு எல்லைகளுக்கு நடுவே ஈரம் எங்கே நிற்கிறது என்ற விகிதத்தைத்தான் கொண்டுவர வேண்டும். மூலத்தில் எல்லைகள் 0.15, 0.35, ஈரம் 0.20 என்றால் விகிதம் 0.25. உங்கள் மாதிரியில் எல்லைகள் 0.05, 0.25 என்றால் ஏற்ற வேண்டியது 0.10. அந்த 0.20-ஐயே ஏற்றினால் விகிதம் 0.75 ஆகிவிடும், வாடும் நிலம் செழிப்பாக நீராவி விடும்.

இதைவிட நல்ல வழி, அதே கட்டம் (கணிப்புப் புள்ளிகளின் வலை), அதே மண், நிலப்பயன்பாட்டு அட்டவணைகளோடு தரை மாதிரியைத் தனியே ஓடவிடுவது. நோவா, அதன் விரிவான வடிவமான நோவா-எம்பி பயனர்களுக்கு இதற்கென எச்ஆர்எல்டிஏஎஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. ஒரே ஆண்டின் வானிலைத் தரவைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, ஆண்டிறுதி ஈரம் மாறாத வரை ஓட்டுங்கள். வறண்ட பகுதிகளின் அடி அடுக்குகள் பல சுற்றுகள் கேட்கும். பிறகு உண்மையான ஆண்டுகளைத் தொடருங்கள். இதில் மழைத் தரவில் கஞ்சத்தனம் வேண்டாம். மழை தவறினால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

தாவரப் பரப்புக்குப் பல ஆண்டுகளின் மாதச் சராசரி மட்டும் கொடுத்தால் வறட்சி ஆண்டிலும் மாதிரி பச்சையாகவே இருக்கும். அண்மைய செயற்கைக்கோள் இலைப்பரப்புத் தரவு கிடைத்தால் மாற்றுங்கள்.

மண் ஈரம் அளக்கும் ஸ்மாப் செயற்கைக்கோள் பார்ப்பது மேல் 5 செ.மீ. அளவே. அதன் சராசரியையும் பரவலையும் மாதிரிக்குப் பொருத்தாமல் உட்செலுத்தினால், ஒவ்வொரு கணிப்புச் சுழற்சியும் மண்ணை ஒரே பக்கம் இழுக்கும்.

சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். 2 மீட்டர் வெப்பநிலை ஒத்துப்போவதை மட்டும் நம்ப வேண்டாம். இரு பிழைகள் ஒன்றையொன்று மறைத்திருக்கலாம். தரைக்கும் காற்றுக்கும் இடையே வெப்பமும் நீராவியும் பாய்வதை அளக்கும் பாயக் கோபுரங்களின் அளவீடுகளோடு ஒப்பிடுங்கள். ஆனால் கோபுரத்தின் உணர்வெப்பமும் (காற்றைச் சூடாக்குவது) உள்ளுறை வெப்பமும் (நீரை ஆவியாக்குவது) சேர்ந்தாலும், கிடைக்கும் ஆற்றலைவிடப் பொதுவாக 10 முதல் 30 விழுக்காடு குறையும். ஆகவே தனித்தனி அளவைவிட, இரண்டின் கூட்டுத்தொகையில் உள்ளுறை வெப்பத்தின் பங்கையே ஒப்பிடுங்கள்.