தொப்பை குறைய வேண்டுமா? முதலில் சிட்டப்பை நிறுத்துங்கள்

46 வயதில் ஒரு நாள் காலை ஷூ லேஸ் கட்டக் குனிந்தேன், மூச்சு முட்டியது. கட்டி நிமிர்வதற்குள் முகமெல்லாம் சிவந்துவிட்டது. அன்று மாலையே தரையில் விரிப்பைப் போட்டு சிட்டப் எடுக்க ஆரம்பித்தேன். தினம் ஐம்பது, அப்புறம் நூறு. இரண்டு மாதம் கழித்து மிச்சமானது கழுத்து வலி மட்டும்தான். பேண்ட் அதே இறுக்கம்.

வயிற்றுத் தசைக்கு வேலை கொடுத்தால் தசை வலுவாகும். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கொழுப்புதான் கரையும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உடம்பு தனக்கு வேண்டிய எரிபொருளை எங்கிருந்து எடுப்பது என்பதைத் தானே முடிவு செய்துகொள்ளும். பலருக்கு முகமும் கையும் முன்னால் மெலியும், வயிறு கடைசியாகத்தான் இறங்கும். அதனால் இந்தச் செய்முறையில் வயிற்றுக்கென்று தனியாகச் செய்வது ரொம்பக் கொஞ்சம். பெரும்பாலான வேலை தட்டிலும் காலிலும் இருக்கிறது.

வயதைக் குறை சொல்லலாமா?

கொஞ்சம்தான். "நாற்பதைத் தாண்டினால் உடம்பு எரிப்பதையே நிறுத்திவிடும்" என்று எல்லாரும் சொல்வார்கள். 2021-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்றில், 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்கள் செலவழிக்கும் ஆற்றலைப் பார்த்தார்கள். உடம்பின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், 20 முதல் 60 வயது வரை அது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது.

மாறுவது வேறு. முப்பதுகளிலிருந்தே தசை மெல்லக் கரைகிறது. உட்காரும் நேரம் கூடுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால், இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் திரும்புகிறது. விரலால் கிள்ளினால் கையில் வருவது தோலுக்கடியில் உள்ள கொழுப்பு. கல்லீரலையும் குடலையும் சுற்றி உள்ளே சேர்வது இன்னொரு வகை. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் அதிகம் வழி திறப்பது இந்த உள்கொழுப்புதான். ஒரு நல்ல செய்தி: உணவுக்கும் உடற்பயிற்சிக்கும் நன்றாக வசப்படுவதும் இதுதான். சில சமயம் எடை அப்படியே இருக்க, உள்கொழுப்பு மட்டும் குறையும்.

படி 1: நாடாவால் அளங்கள்

எடை மெஷினைத் தற்காலிகமாக மறந்துவிட்டு, தையல்காரர் வைத்திருப்பது போன்ற நாடா ஒன்றை எடுங்கள். விலாவின் பக்கவாட்டில் விரலை வைத்து, கடைசி எலும்பைத் தேடுங்கள். அப்புறம் இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவே நாடாவைச் சுற்ற வேண்டும். பேண்ட் போடும் இடம் இதுவல்ல, பலருக்கு அது கீழே இருக்கும். நாடா தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. சாதாரணமாக மூச்சை விட்டு, அந்த முடிவில் பாருங்கள். வயிற்றை எக்கினால் ஏமாறுவது நீங்கள்தான்.

இந்த அளவு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது. 160 செ.மீ. உயரம் என்றால் 80-க்குள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் சாப்பிடும் முன் அளந்தால் போதும். தினமும் அளந்தால் வாயுவையும் உப்பையும்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

படி 2: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

வாயில் போடும் எல்லாவற்றையும் எழுதுங்கள். நின்றுகொண்டு சாப்பிட்டது, குழந்தை தட்டில் மிச்சம் வைத்ததை முடித்தது, காபியில் போட்ட சர்க்கரை எல்லாம் சேர்த்து. அலுப்பான வேலைதான். ஆனால் இதைத் தாண்டிப் போகிறவர்கள் பிறகு இருட்டில் தடவுவார்கள்.

படி 3: தட்டை மாற்றுங்கள்

பட்டினி வேண்டாம். வேகமாக இளைத்தால் கொழுப்போடு தசையும் போகும், இந்த வயதில் தசையை இழப்பது பெரிய நஷ்டம். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே நல்ல வேகம்.

தட்டில் பாதியைக் காய்கறிக்கு ஒதுக்குங்கள். மீதியில் ஒரு பாதி புரதம், ஒரு பாதி மாவுச்சத்து. புரதத்தில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறோம். உடற்பயிற்சியும் செய்கிற நடுவயதுக்காரருக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளலாம். 65 கிலோ இருப்பவருக்கு நாளுக்கு 78 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான், வேகவைத்த பயறு ஒரு கப்பில் சுமார் 15 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், காலை உணவில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. அங்கிருந்து தொடங்குங்கள். புரதம் பசியையும் தள்ளிப்போடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

எண்ணெயை ஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. அதை எரிக்கக் கிட்டத்தட்ட அரை மணி நேரம் நடக்க வேண்டும். எந்த எண்ணெயாக இருந்தாலும் இதே கணக்குதான், பாட்டிலில் இதயம் படம் போட்டிருந்தாலும் சரி. இனிப்புப் பானங்களை விட்டுவிடுங்கள். மதுவும் கிராமுக்கு 7 கலோரி.

படி 4: நடங்கள்

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் மிதமானது. முதல் வாரம் தினம் பத்தே நிமிடம், சாப்பிட்ட பின் நடந்தால் ரத்தச் சர்க்கரை ஏறுவதும் குறையும். வாரம் ஐந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போங்கள்.

படி 5: தசையைத் திரும்பக் கேளுங்கள்

வாரத்தில் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. ஜிம் வேண்டாம், ஒரு நாற்காலியும் சுவரும் போதும்.

நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு நுனியில் உட்காருங்கள். பாதங்கள் தோள் அகலத்தில், கைகள் மார்பின் குறுக்கே. மூச்சை விட்டபடி குதிகாலால் தரையை அழுத்தி எழுந்திருங்கள். இறங்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். தொப்பென்று விழுந்தால் பாதிப் பலன் போச்சு. பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. அப்புறம் சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது பத்து. சுலபமாகிவிட்டால் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சை மட்டும் பிடித்துவைக்காதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

படி 6: கடைசியில் வயிறு

மல்லாந்து படுங்கள். கைகள் கூரையைப் பார்க்க, முழங்கால்கள் இடுப்புக்கு மேலே மடங்கி இருக்கட்டும். கீழ் முதுகைத் தரையோடு ஒட்டுங்கள். வலது கையும் இடது காலும் மெதுவாக இறங்கட்டும், முதுகு தரையை விட்டு எழும்பத் தொடங்கும் இடத்தில் நிறுத்தித் திரும்புங்கள். பிறகு மறுபக்கம். ஆறு ஆறு முறை போதும். இது கொழுப்பைக் கரைக்காது. ஆனால் வயிற்றைச் சுற்றி ஒரு பெல்ட் போல இருக்கும் உள்தசை வலுப்பெற்று, நிற்கும் தோரணை மாறும். அதிலேயே வயிறு கொஞ்சம் உள்ளே போன மாதிரி தெரியும்.

பிரசவத்துக்குப் பிறகு நடு வயிற்றில் மேடு போலப் புடைத்தால் தசைகள் பிரிந்திருக்கலாம். அப்படி இருந்தால் முதலில் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

தூக்கத்தைத் தனிப் படியாக எழுதவில்லை. ஆனால் இரவு ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு மறுநாள் இனிப்பைத் தள்ளிவைப்பது யாருக்கும் கஷ்டம். ஏழு மணி நேரமாவது பாருங்கள்.

யார் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், ஏனென்றால் சாப்பாடு குறைந்தால் மருந்தளவும் மாற வேண்டியிருக்கும். இதய நோய் உள்ளவர்கள். நடந்தால் நெஞ்சில் இறுக்கம் வருபவர்கள். வயிறு வாரக்கணக்கில் உப்பியே இருந்தாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ அதைத் தொப்பை என்று எண்ணிப் பயிற்சி செய்துகொண்டிருக்க வேண்டாம்.

நாடா நகரவே இல்லையென்றால்

நான்கு வாரம் ஆகியும் அரை செ.மீ. கூடக் குறையவில்லை என்றால் பயிற்சியைக் கூட்டாதீர்கள், படி 2-க்குத் திரும்புங்கள். மறுபடி ஒரு வாரம் எழுதுங்கள். எனக்கு ஆறாவது வாரம் இப்படி நின்றது. எழுதிப் பார்த்தபோது மாட்டியது வறுத்த வேர்க்கடலை. ஒரு சின்னக் கைப்பிடியே சுமார் 160 கலோரி. சமையலறையைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி, நாளுக்கு மூன்று முறை. நல்ல பண்டம்தான், அதனால்தான் கணக்கில் வராமல் தப்பித்தது. இப்போது அந்த டப்பா மேல் தட்டில், ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும் இடத்தில் இருக்கிறது.