ஓப்பன்பிஎஸ்டியில் வைஃபை: முதலில் கர்னல் சொல்வதைப் படியுங்கள்

திங்க்பேட் டி460 மடிக்கணினியில், இன்டெல் 8260 வைஃபை அட்டையை ஓப்பன்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தின்கீழ் இயங்க வைப்பது எப்படி என்று எழுதுகிறேன். உங்களுடையது வேறு மடிக்கணினியாக இருக்கலாம், அட்டையும் வேறாக இருக்கலாம். வழி மாறாது. ஆணைகளை இங்கே தமிழ் ஒலிப்பில் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். எல்லாவற்றையும் ரூட் பயனராக (முழு அதிகாரமுள்ள பயனராக) நுழைந்து செய்யவேண்டும்.

தொலைபேசி இணைப்பகத்தில் பழுது பார்க்கும் பிரிவில் பல காலம் இருந்தவன் நான். டெஸ்ட் டெஸ்க் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் யாரும் கம்பத்தில் ஏறமாட்டோம். பழுது சந்தாதாரர் வீட்டிலா, கேபிளிலா, இணைப்பகத்துக்குள்ளேயா என்பது அங்கேயே பாதி தெரிந்துவிடும். கணினியில் அந்த இடம், இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் குறிப்புகளுக்கு உரியது. வைஃபை வரவில்லை என்றதும் எங்கிருந்தோ எடுத்த ஆணைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடித்துப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுக்காது. வேண்டிய தகவல் திரையிலேயே காத்திருக்கும்.

ஆகவே முதல் வேலை, 'டிமெசேஜ்' ஆணை. டி, எம், இ, எஸ், ஜி என்று ஐந்தே எழுத்து. கணினி தொடங்கியபோது கர்னல் கண்டுபிடித்த ஒவ்வொரு பாகத்துக்கும் அதில் ஒரு வரி இருக்கும். என் கணினியில் 'ஐடபிள்யூஎம்0' என்று தொடங்கும் ஒரு வரி, அட்டை எந்த பிசிஐ இணைப்பில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மேற்கோள் குறிக்குள் 'இன்டெல் டூயல் பேண்ட் வயர்லெஸ்-ஏசி 8260' என்று அதன் பெயரையும் தருகிறது. ஐடபிள்யூஎம் என்பது டிரைவரின், அதாவது அட்டையை இயக்கும் மென்பொருளின் பெயர், 0 என்பது முதல் அட்டை. லினக்ஸிலிருந்து வருகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: இங்கே எல்லா வைஃபை அட்டைக்கும் பொதுவான ஒரே பெயர் கிடையாது, டிரைவரின் பெயர்தான் இடைமுகத்தின் பெயர். பழைய இன்டெல் அட்டைகள் ஐடபிள்யூஎன் என்றும், ஏஎக்ஸ்200 போன்ற புதியவை ஐடபிள்யூஎக்ஸ் என்றும், ஆத்தரோஸ் அட்டைகள் பல ஏடிஎச்என் என்றும் வரும்.

டிரைவர் பெயரில் தொடங்காமல், அட்டையின் பெயர் உள்ள வரியின் கடைசியில் 'நாட் கான்ஃபிகர்ட்' என்று இருந்தால், அந்த அட்டைக்கு டிரைவரே இல்லை என்று பொருள். பிராட்காம் அட்டைகள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். அங்கே எந்த ஆணையும் உதவாது, அட்டையைத்தான் மாற்றவேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

டிரைவர் வந்துவிட்டது, ஆனால் அட்டை வேலை செய்யவில்லை என்றால் அதன் கீழே இன்னொரு வரியைத் தேடுங்கள். ஐடபிள்யூஎம்-8000சி என்று தொடங்கும் ஃபர்ம்வேர் கோப்பைப் படிக்க முடியவில்லை என்று சொல்லி, 'எரர் 2' என முடியும். யூனிக்ஸில் பிழை எண் 2 என்றால் கோப்பு இல்லை என்று பொருள். அட்டை கெட்டுப்போகவில்லை, கடவுச்சொல்லிலும் பிழை இல்லை. /ஈடிசி/ஃபர்ம்வேர் அடைவில் ஒரு கோப்பு இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் கோப்பு ஏன் இல்லை? வைஃபை அட்டைக்குள்ளே ஒரு சிறிய கணினி ஓடுகிறது. அது ஓடுவதற்கான நிரலை (இதுதான் ஃபர்ம்வேர்), அட்டையை எழுப்பும் ஒவ்வொரு முறையும் டிரைவர் ஏற்றித் தரவேண்டும். இந்த நிரலின் உரிமம் ஓப்பன்பிஎஸ்டியின் நிபந்தனைகளோடு ஒத்துப்போவதில்லை. அதனால் இயங்குதளத்தோடு அது வராது, தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். பயனருக்கு இது சிரமம்தான். ஆனாலும் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக்கூடாது என்பதில் 1995இல் தியோ டி ராட் தொடங்கிய நாளிலிருந்து இத்தனை கண்டிப்பாக இருக்கும் திட்டத்தை நான் மதிக்கிறேன்.

இறக்குவதற்கான ஆணை 'எஃப்டபிள்யூ_அப்டேட்'. நடுவில் இருப்பது அடிக்கோடு. எந்தெந்தப் பாகத்துக்கு ஃபர்ம்வேர் வேண்டும் என்று அதுவே பார்த்து, இறக்கி, கையொப்பத்தைச் சரிபார்த்து நிறுவிவிடும். ஆனால் அதற்கு இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும், வைஃபைக்கு ஃபர்ம்வேர் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க மூன்று வழிகள் இருக்கின்றன.

ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்காரமுடியும் என்றால் நெட்வொர்க் கேபிளே போதும். நிறுவும்போதே கேபிள் செருகியிருந்தால், ஃபர்ம்வேர் பெரும்பாலும் அப்போதே வந்து சேர்ந்திருக்கும்.

கேபிள் இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு போன். யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போன் அமைப்புகளில் யுஎஸ்பி டெத்தரிங்கை இயக்குங்கள். மறுபடி டிமெசேஜ் பாருங்கள். வழக்கமாகக் கடைசி வரிகளில் 'யூஆர்என்டிஐஎஸ்0' என்று ஓர் இடைமுகம் முளைத்திருக்கும். பிறகு இந்த ஆணை:

ஐஎஃப்கான்ஃபிக் யூஆர்என்டிஐஎஸ்0 ஐநெட் ஆட்டோகான்ஃப் அப்

சில நொடிகளில் முகவரி கிடைத்துவிடும். எஃப்டபிள்யூ_அப்டேட் கொடுங்கள். நான் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறேன்.

இரண்டுமே இல்லையென்றால் பென் டிரைவ். வேறொரு கணினியில் ஓப்பன்பிஎஸ்டியின் ஃபர்ம்வேர் தளத்துக்குப் போய், உங்கள் பதிப்புக்கான அடைவிலிருந்து ஐடபிள்யூஎம் கோப்பையும், எஸ்எச்ஏ256.சிக் என்ற கையொப்பக் கோப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை விட்டுவிட்டு வந்து திண்டாடுகிறவர்கள் பலர். பென் டிரைவை ஓப்பன்பிஎஸ்டியில் ஏற்றும்போது பகிர்வின் (பார்ட்டிஷனின்) எழுத்தைக் கவனியுங்கள். விண்டோஸில் வடிவமைத்த பென் டிரைவ் வழக்கமாக 'ஐ' என்ற பகிர்வாக வரும். டிஸ்க் எஸ்டி1 என்றால் 'மவுண்ட் /டெவ்/எஸ்டி1ஐ /எம்என்டி'. சந்தேகமாக இருந்தால் 'டிஸ்க்லேபிள் எஸ்டி1' என்று கேட்டால் காட்டும். பிறகு எஃப்டபிள்யூ_அப்டேட் ஆணையோடு -பி (பாத் என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து) விருப்பத்தைச் சேர்த்து /எம்என்டி அடைவைக் காட்டுங்கள்.

ஃபர்ம்வேர் வந்தபின் 'ஐஎஃப்கான்ஃபிக் ஐடபிள்யூஎம்0 அப்', அடுத்து 'ஐஎஃப்கான்ஃபிக் ஐடபிள்யூஎம்0 ஸ்கேன்'. சுற்றியுள்ள வைஃபைகளின் பட்டியல் வரவேண்டும். பெயர், சேனல், சிக்னல் வலிமை எல்லாம் தெரியும். பட்டியல் வந்துவிட்டால் அட்டை நலமாக இருக்கிறது. மிச்சமிருப்பது ஒரு கோப்பை எழுதுவது மட்டும்.

கோப்பின் பெயர் /ஈடிசி/ஹோஸ்ட்நேம்.ஐடபிள்யூஎம்0. விஐ பழக்கமில்லாதவர்களுக்கு எம்ஜி என்ற எளிய திருத்தி உடன் வருகிறது. உள்ளே எழுதவேண்டியது:

ஜாயின் "மாடி வீடு" டபிள்யூபிஏகீ "கடவுச்சொல்"
ஜாயின் "அலுவலகம்" டபிள்யூபிஏகீ "கடவுச்சொல்"
ஐநெட் ஆட்டோகான்ஃப்

எனக்கு ஓப்பன்பிஎஸ்டியில் மிகவும் பிடித்த இடம் இது. தனியாக எந்த மென்பொருளும் நிறுவவேண்டாம், பின்னணியில் ஓடும் சேவை எதையும் அமைக்கவேண்டாம். நீங்கள் போகும் இடங்களுக்கெல்லாம் ஒவ்வொரு ஜாயின் வரி எழுதிவைத்தால், கண்ணில் படும் வைஃபையில் கணினி தானே சேர்ந்துகொள்ளும். 2018இல் வந்த 6.4 பதிப்பில்தான் ஜாயின் சேர்ந்தது. பழைய கையேடுகளில் 'என்டபிள்யூஐடி' என்று பார்ப்பீர்கள். அது ஒரே ஒரு வைஃபைக்கு மட்டும்.

பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறி கட்டாயம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் உண்டு. டபிள்யூபிஏ கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகளுக்குள் இருக்கவேண்டும். கடவுச்சொற்கள் கோப்பில் அப்படியே இருப்பதால் 'சிஎச்மோட் 640' கொடுத்து மற்றவர்கள் படிக்காதபடி செய்யுங்கள்.

இப்போது 'எஸ்எச் /ஈடிசி/நெட்ஸ்டார்ட் ஐடபிள்யூஎம்0' கொடுத்துவிட்டு, 'ஐஎஃப்கான்ஃபிக் ஐடபிள்யூஎம்0' என்று பாருங்கள். ஸ்டேட்டஸ் என்ற வரியில் 'ஆக்டிவ்' என்று இருந்தால் இணைந்துவிட்டது. 'நோ நெட்வொர்க்' என்றால் இன்னும் இல்லை. அப்படியென்றால் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ரவுட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்ற நிலையில் இருந்தால், டபிள்யூபிஏ2வும் ஏற்கும் நிலைக்கு மாற்றுங்கள். அப்போதும் சேரவில்லையென்றால் 'ஐஎஃப்கான்ஃபிக் ஐடபிள்யூஎம்0 டீபக்' கொடுங்கள். அட்டைக்கும் ரவுட்டருக்கும் நடக்கும் பேச்சு முழுவதும் டிமெசேஜில் வரிவரியாக வரும், எந்த இடத்தில் முறிகிறது என்று தெரிந்துவிடும்.

ஆக்டிவ் என்று காட்டியும் இணையம் வராவிட்டால் அருகிலிருந்து தொலைவுக்குப் போங்கள். முதலில் ரவுட்டரின் முகவரிக்கு பிங், அடுத்து இணையத்தில் உள்ள 9.9.9.9 என்ற பொதுச் சேவையகத்துக்கு பிங், கடைசியாக ஏதாவதொரு தளத்தின் பெயருக்கு பிங். முதல் இரண்டும் சென்று மூன்றாவது மட்டும் நின்றால், தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவையகம் குறிக்கப்பட்டிருக்கும் /ஈடிசி/ரிசால்வ்.கான்ஃப் கோப்பைப் பாருங்கள்.

அட்டையை மாற்றவேண்டியவர்களுக்கு: டி460இல் இருப்பது எம்.2 வகை. பழைய மடிக்கணினிகளில் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ். அந்தப் பழைய வகைக்கு ஆத்தரோஸ் ஏஆர்9280 கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். அதற்கு ஃபர்ம்வேரே வேண்டாம். பேட்டரியைத் துண்டித்த பிறகுதான் கை வைக்கவேண்டும். எந்த ஆண்டெனா கம்பி எந்த முனையில் இருந்தது என்று முதலிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில மடிக்கணினிகளின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத அட்டையைக் கண்டால் தொடங்கவே மறுக்கும். அங்கே யுஎஸ்பி வைஃபைதான் வழி. ரியல்டெக் 8188இயூ சிப் உள்ள சிறிய டாங்கிள் யூஆர்டிடபிள்யூஎன் டிரைவரில் ஓடும். அதற்கும் ஃபர்ம்வேர் இறக்கவேண்டும்.

மேசையில் கேபிள், எழுந்தால் வைஃபை என்று வேலை செய்கிறவர்கள், கேபிளைப் பிடுங்கினால் தானே வைஃபைக்கு மாறும்படியும் அமைத்துக்கொள்ளலாம். ஹோஸ்ட்நேம்.ஈஎம்0 கோப்பில் (ஈஎம்0 என்பது கேபிள் செருகும் இடைமுகம்) 'அப்' என்று மட்டும் எழுதுங்கள். ஐடபிள்யூஎம்0 கோப்பில் ஐநெட் வரியை எடுத்துவிட்டு அங்கேயும் 'அப்' எழுதுங்கள். பிறகு இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் ட்ரங்க்0 இடைமுகத்துக்கு ஹோஸ்ட்நேம்.ட்ரங்க்0 என்று புதிய கோப்பு:

ட்ரங்க்ப்ரோட்டோ ஃபெயில்ஓவர் ட்ரங்க்போர்ட் ஈஎம்0
ட்ரங்க்போர்ட் ஐடபிள்யூஎம்0
ஐநெட் ஆட்டோகான்ஃப்

கேபிளும் வைஃபையும் ஒரே ரவுட்டருக்குப் போகவேண்டும் என்பதுதான் நிபந்தனை. மறுதொடக்கம் செய்து, வேறொரு கணினிக்கு எஸ்எஸ்எச் இணைப்பைத் திறந்துவைத்துக்கொண்டு கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். இணைப்பு அறுபடாமல் ஓடினால் அமைப்பு சரி.