டிரையல்ஸ் சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக்கா, ரிம் பிரேக்கா?

சாதாரண சைக்கிளில் ஓடுகிற வண்டியை நிறுத்தத்தான் பிரேக். கால் தரையில் படாமல் கல், கட்டை போன்ற தடைகளைத் தாவிக் கடக்கும் விளையாட்டான டிரையல்ஸில் வண்டி பெரும்பாலும் நின்றுகொண்டேதான் இருக்கும். பின் சக்கரம் ஒரு கல்லின் விளிம்பில் ஊன்றியிருக்கும், முன் சக்கரம் அந்தரத்தில் இருக்கும், அடுத்த தாவலுக்கு உடம்பைக் குறுக்கிக்கொண்டிருப்பீர்கள். அந்த ஒரு நொடியில் சக்கரம் இம்மியும் அசையக்கூடாது. ஒற்றை விரலால் அழுத்தினால் பூட்டுப் போட்டதுபோல் பிடிக்க வேண்டும். முன்னோக்கி உருள்வதையும் பின்னோக்கி உருள்வதையும் ஒரே மாதிரி தடுக்க வேண்டும். எந்தப் பிரேக்கை வாங்கினாலும் இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ரிம் பிரேக், சக்கரத்தின் வெளி வளையமான ரிம்மைப் பேட் எனும் கட்டைகளால் அழுத்திப் பிடிக்கும். டிஸ்க் பிரேக், சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் பொருத்திய ரோட்டர் எனும் வட்டத் தகட்டைக் காலிப்பர் எனும் கவ்வியில் உள்ள பேட்டுகளால் பிடிக்கும்.

படி 1: முதலில் ஃபிரேமைப் பாருங்கள்

பாதி முடிவை ஃபிரேமே எடுத்துவிடும். பின் சக்கரத்தின் இருபுறமும் சரிந்து இறங்கும் குழாய்களில், பக்கத்துக்கு இரண்டாக நான்கு திருகுத் துளைகள் இருந்தால் அது மகுரா எச்எஸ்33 போன்ற ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தில் இயங்கும்) ரிம் பிரேக்குக்கான இடம். இடப்பக்கம், அச்சுக்கு அருகே இரண்டு துளைகள் இருந்தால் டிஸ்க் காலிப்பருக்கான இடம். முன் ஃபோர்க்கையும் இதேபோல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தையும் பார்க்க வேண்டும். டிஸ்க் போட, ஹப்பில் ரோட்டரைப் பொருத்தும் வசதி, பெரும்பாலும் 6 துளைகள், இருக்க வேண்டும். ரிம் பிரேக்குக்கு, ரிம்மின் பக்கச்சுவர் தட்டையாக இருக்க வேண்டும். டிஸ்க்குக்கென்றே செய்த பல ரிம்களில் பேட் உட்கார இடமே இருக்காது. ஸ்போக்குகள் ஒன்றையொன்று குறுக்கிடாமல் நேராகப் போகும் முன் சக்கரத்தில் டிஸ்க் போடவே கூடாது. இல்லாத துளைகளுக்காக ஃபிரேமில் வெல்டிங் வைக்கும் யோசனை வந்தால் அதையும் அங்கேயே விட்டுவிடுங்கள்.

படி 2: கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

26 அங்குலச் சக்கரத்தில் டயரின் வெளிவிளிம்பு அச்சிலிருந்து ஏறத்தாழ 330 மி.மீ. தூரத்தில் இருக்கும். ரிம் பிரேக் பேட் பிடிக்கும் இடம் சுமார் 275 மி.மீ. 160 மி.மீ. ரோட்டரில் பேட் பிடிக்கும் இடமோ வெறும் 75 மி.மீ. தரை டயரை 100 பங்கு விசையோடு தள்ளினால் ரிம் பிரேக் 120 பங்கு பிடித்தால் போதும். டிஸ்க் 440 பங்கு பிடிக்க வேண்டும்.

நல்ல ஹைட்ராலிக் டிஸ்க் அதையும் பிடித்துவிடும். தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. டிஸ்க் பிடிப்பது ஹப்பை, ரிம்மை அல்ல. இடையில் உள்ள ஸ்போக்குகள் துளி முறுக்கிக்கொண்ட பிறகுதான் டயர் நிற்கும். பின் சக்கரத்தில் நின்று தாவும்போது அந்தத் துளி அசைவு காலுக்குத் தெரியும். 20 அங்குலச் சக்கரத்தில் டயர் ஆரம் 250 மி.மீ. அளவுதான் என்பதால் டிஸ்க்கின் சுமை 330 பங்காக இறங்குகிறது, ஸ்போக்குகளும் குட்டை. அதனால் சிறிய சக்கரத்தில் பின் டிஸ்க் நன்றாகவே ஒத்துவரும்.

எங்கள் பரிந்துரை: ஃபிரேம் இடம் கொடுத்தால் புதியவருக்குப் பின்னால் ரிம், முன்னால் டிஸ்க். ஃபோர்க் தாங்கும் என்றால் முன் ரோட்டர் 180 மி.மீ. ஆக இருக்கட்டும். சேறும் ஈரமுமாகவே ஓட்டப்போகிறீர்கள் என்றாலோ, விழுந்து விழுந்து ரிம்மை நெளிக்கிற கட்டத்தில் இருந்தாலோ பின்னாலும் டிஸ்க் போடலாம், தவறில்லை. நெளிந்த ரிம் டிஸ்க்குக்கு ஒரு பொருட்டல்ல, ரிம் பிரேக்கில் அது ஒவ்வொரு சுற்றிலும் உரசும். டிஸ்க்குக்கும் ஒரு எதிரி உண்டு: கல்லில் மோதி வளையும் ரோட்டர்.

படி 3: ரிம் பிரேக்கைப் பொருத்துதல்

சக்கரம் கோணலாக இருந்தால் முதலில் அதை நேராக்குங்கள். பேட்டின் முழு முகமும் ரிம்மில் ஒரே நேரத்தில் படிய வேண்டும். ரிம்முக்கும் பேட்டுக்கும் பக்கத்துக்கு 1 முதல் 2 மி.மீ. இடைவெளி. பேட் டயரை எந்த நிலையிலும் தொடக்கூடாது. தொட்டால் டயரின் பக்கச்சுவரை அறுத்துவிடும்.

லிவரை இறுக்கிப் பிடித்து, ஃபிரேம் குழாய்களை மேலிருந்து பாருங்கள். இரண்டும் வெளிப்பக்கமாக விரிகின்றனவா? உங்கள் விரலின் பலம் பேட்டுக்குப் போகாமல் அங்கே வீணாகிறது. லாட வடிவப் பூஸ்டர் தகடு ஒன்றை மாட்டினால் விரிவது பெருமளவு குறையும்.

எச்எஸ்33 மினரல் எண்ணெயில் இயங்குவது. லிவர் இலகுவாக ஓட வேண்டுமென்று டிரையல்ஸ்காரர்கள் சிலர் எண்ணெய்க்குப் பதில் தண்ணீரில் ஆன்டிஃப்ரீஸ் கலந்து நிரப்புவார்கள். முதல் சில மாதங்கள் எண்ணெயே போதும். வேறு சில பிரேக்குகளில் ஊற்றும் டாட் (DOT) பிரேக் திரவத்தை மட்டும் இதில் ஊற்றிவிடாதீர்கள், சீல்கள் உப்பிக் கெட்டுவிடும்.

படி 4: ரிம்மைச் சொரசொரப்பாக்குதல்

வழவழப்பான அலுமினிய ரிம்மில் பேட் வழுக்கும், நனைந்தால் இன்னும் மோசம். அதற்காகத்தான் ஆங்கிள் கிரைண்டரால் பக்கச்சுவரில் நுண்ணிய கோடுகள் போடுகிறார்கள். டயரையும் டியூபையும் கழற்றிவிடுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். உலோகத்துக்கான தேய்ப்புத் தட்டை ரிம்மில் லேசாகத் தொட்டுத் தொட்டு எடுங்கள், கோடுகள் குறுக்காக விழட்டும், ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். விரல்நகத்தால் வருடினால் அரம்போல் இடற வேண்டும். கண்ணுக்குப் பள்ளம் தெரிந்தால் அதிகம் தேய்த்துவிட்டீர்கள். கடைசியில் விளிம்பில் நிற்கும் பிசிறுகளை அரத்தால் நீக்குங்கள், இல்லையென்றால் டயர் கிழியும்.

கோடுகள் மழுங்கும்போது திரும்பத் தேய்க்க வேண்டிவரும். ஒவ்வொரு முறையும் சுவர் மெலிகிறது. நேரான அளவுகோலை வைத்துப் பாருங்கள், சுவர் உள்பக்கமாகக் குழிந்திருந்தால் ரிம்மை மாற்றுங்கள். மெலிந்த சுவர் காற்றழுத்தம் தாங்காமல் பிளக்கும்.

தேய்த்த ரிம்முக்குக் கடினமான பேட், வழவழப்பான ரிம்முக்கு மென்மையான பேட். மாற்றிப் போட்டால், தேய்த்த ரிம் மென்மையான பேட்டைச் சீக்கிரமே தின்றுவிடும். தேய்க்க மனம் வராதவர்கள் ரிம்மில் தார் தடவுவார்கள். காய்ந்திருக்கும்வரை அபாரமாகப் பிடிக்கும், மழை பெய்தால் கைவிட்டுவிடும், தொட்ட கையெல்லாம் கறை.

படி 5: டிஸ்க்கைப் பொருத்துதல்

ரோட்டர் போல்ட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்குங்கள். காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளையும் தளர்த்தி, லிவரை அழுத்திப் பிடித்தபடியே மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். 6 முதல் 8 நியூட்டன் மீட்டர் பொதுவான அளவு, உங்கள் பிரேக்கின் கையேடு வேறு சொன்னால் அதுதான் சரி. ரோட்டரை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகு விரலால் தொடாதீர்கள்.

பலரும் தவறவிடுவது அடுத்ததைத்தான். புதுப் பேட் முதல் நாளே பூட்டுப்போல் பிடிக்காது. சமதளத்தில் வேகமெடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், நடக்கும் வேகம்வரை குறையுங்கள். இப்படி 20, 30 முறை செய்தால் பேட்டின் பொருள் ரோட்டரில் சீராகப் படியும். அதைச் செய்யாமல் நேரே தாவப் போய்விட்டு "டிஸ்க் வழுக்குகிறது" என்று ரிம்முக்கு மாறியவர்கள் ஏராளம். சங்கிலி எண்ணெய் பட்ட பேட்டைக் காப்பாற்ற முயன்று நேரத்தைக் கழிக்காதீர்கள், புதிது போடுங்கள்.

படி 6: சோதித்தல்

வண்டிக்குப் பக்கத்தில் நின்று, ஒற்றை விரலால் பின் பிரேக்கைப் பிடித்து, சீட் இருக்க வேண்டிய இடத்தில் (பல டிரையல்ஸ் வண்டிகளில் சீட் இருக்காது) மறுகையால் கீழ்நோக்கி அழுத்தியபடி முன்னால் தள்ளுங்கள், பிறகு பின்னால் இழுங்கள். டயர் உருளக்கூடாது. "டக்" என்று ஒரு சிறு ஆட்டம் வந்து நின்றால் டிஸ்க்கில் பேட் காலிப்பருக்குள் ஆடுகிறது, அல்லது ரோட்டர் போல்ட் தளர்ந்திருக்கிறது. ரிம் பிரேக்கில் பேட்டைத் தாங்கும் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. ஆட்டமே இல்லாமல் மெதுவாக வழுக்கினால் பிசுக்கு, மழுங்கிய கோடு, படியாத பேட் என்ற வரிசையில் தேடுங்கள்.

சத்தத்தையும் கேளுங்கள். தேய்த்த ரிம் கீச்சிட்டால் நன்றாகக் கடிக்கிறது என்று அர்த்தம், விட்டுவிடலாம். டிஸ்க் கீச்சிட்டு, பிடிப்பும் குறைந்தால் எண்ணெய் பட்டிருக்கிறது.