இலை மஞ்சளாகிறதா? உரம் போடும் முன் இதைப் பாருங்கள்

மாடியில் மிளகாயோ தக்காளியோ மஞ்சளடித்ததும் கை தானாக உர டப்பாவைத் தேடுகிறது. கொஞ்சம் பொறுங்கள். போர் தண்ணீர் ஊற்றும் மாடிகளில், செடி வளரும் பையில் சத்து இருந்தும் அதை வேரால் எடுக்க முடியாமல் செடி வெளுப்பது சர்வ சாதாரணம். அந்த நேரத்தில் மேலும் உரம் போட்டால் உப்பு ஏறி இலை நுனி கருகும், அவ்வளவுதான் பலன். மண் கலவை, பை அளவெல்லாம் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு நேராக இலைக்கு வருகிறேன்.

படி 1: மஞ்சள் எங்கே தொடங்கியது?

மேலே கொழுந்திலா, அடியில் முற்றிய இலையிலா? தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் நான்கும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் முற்றிய இலையில் இருப்பதை உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும் செடி. அதனால் அடியிலை முதலில் கெடும். இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் (கால்சியம்) போன இடத்திலேயே தங்கிவிடும். அவை குறைந்தால் கொழுந்து முதலில் காட்டும்.

காய்க்கும் செடியில் அடியிலை ஒன்றிரண்டு பழுத்து விழுவது வயசு. அதற்கு வைத்தியம் வேண்டாம்.

படி 2: நரம்பைப் பாருங்கள்

இலையைக் காலை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். அடியிலை நரம்போடு சேர்ந்து ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றினால் சரியாகும். அடியிலையின் ஓரம் மட்டும் தீய்ந்தால் சாம்பல்சத்து. அடியிலையில் நரம்பு பச்சையாக நின்று இடைவெளி மஞ்சளானால் மெக்னீசியம். காய் சுமக்கும் தக்காளியில் அடிக்கடி வரும். எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், மாலையில் தெளிப்பு, வாரம் கழித்து இன்னொரு முறை.

அதே பச்சை வலை கொழுந்தில் தெரிந்தால் பெரும்பாலும் இரும்பு. எலுமிச்சை மஞ்சள் துணியில் பச்சை நூலால் பின்னியதுபோல இருக்கும். முற்றினால் கொழுந்து வெள்ளையாகவே வரும். குண்டுமல்லி, ரோஜா, செம்பருத்தி, மிளகாய் எல்லாவற்றிலும் பார்க்கலாம்.

வெண்டையில் மட்டும் ஒரு எச்சரிக்கை. நரம்பு மஞ்சளாகி இடைவெளி பச்சையாக இருந்தால், அதாவது மேலே சொன்னதற்கு நேர் எதிராக இருந்தால், அது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். உரத்துக்கோ மருந்துக்கோ மசியாது. அன்றே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

படி 3: சத்துதான் காரணமா?

விரலை இரண்டு அங்குலம் கலவைக்குள் விடுங்கள். சொதசொதவென்று ஈரம் இருந்தும் செடி வாடி மஞ்சளானால் வேருக்குக் காற்றில்லை. பையின் அடித்துளை அடைத்திருக்கிறதா பாருங்கள், காயவிடுங்கள்.

அடுத்து, கொழுந்துக்குக் கீழே வெள்ளைத்தாளை நீட்டித் தட்டுங்கள். மெல்லிய மஞ்சள் கோடுகள் ஓடினால் இலைப்பேன். மிளகாய் இலை மேல்நோக்கிப் படகுபோல சுருண்டால் பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் செஞ்சிலந்தி வகைப் பூச்சி (மைட்). இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

படி 4: வடிநீரை அளத்தல்

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஊற்றும் தண்ணீரின் பிஎச்சை (அமில-கார அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) அளந்து "பிஎச் 7.2தான், நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். வேர் குடிப்பது பைக்குள் இருக்கும் தண்ணீரை. போர் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் காரத்தன்மையை ஏற்றிக்கொண்டே போகும். மாதக்கணக்கில் ஊற்றிய பையில் பிஎச் 8 தாண்டுவது சகஜம். அங்கே இரும்பு கரையாத துருவாக மாறிக் கிடக்கும், வேருக்கு எட்டாது.

காலையில் வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றுங்கள். அரைமணி நேரம் கழித்து பைக்கு அடியில் தட்டு வைத்து, வடிய ஆரம்பிக்கும் அளவுக்கு மட்டும் மறுபடி மெதுவாக ஊற்றுங்கள். முதலில் சொட்டும் அரை டம்ளரை எடுத்து அளந்து பாருங்கள். மண்ணில் குத்திப் பார்க்கும் ஈரம், வெளிச்சம், பிஎச் மூன்றையும் காட்டும் குச்சி மீட்டரை நம்பாதீர்கள். அது ஈரத்துக்குத் தகுந்தபடி எண்ணை மாற்றும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் சொட்டு மருந்து பிஎச் கிட் போதும். பேனா மீட்டர் வாங்கினால் கூடவே வரும் பிஎச் 6.86, 4.00 பொடிகளைக் கரைத்து அதில் மாதம் ஒருமுறை சரிபார்த்தே ஆக வேண்டும்.

வடிநீர் 6 முதல் 7 வரை என்றால் கவலையில்லை. 7.5க்கு மேல், கொழுந்தில் பச்சை வலை: இரும்பு வேருக்கு எட்டாமல் பைக்குள் பூட்டிக் கிடப்பது உறுதி. டிடிஎஸ்ஸையும் (தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவு) அதற்கான மீட்டரில் பாருங்கள். ஊற்றியது 600, வடிந்தது 2000க்கு மேல் என்றால் உப்பு தேங்கியிருக்கிறது. பையின் கொள்ளளவில் இரண்டு மடங்கு தண்ணீரைப் பகுதி பகுதியாக ஊற்றிக் கழுவுங்கள், மழைநீர் என்றால் இன்னும் நல்லது.

படி 5: பூட்டைத் திறத்தல்

பத்து லிட்டர் வாளித் தண்ணீரில் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) அரை அரை கிராமாகக் கரைத்து, பிஎச் 6.5 வரும்வரை அளந்துகொண்டே போங்கள். கடின நீருக்கு 2, 3 கிராம் பிடிக்கும். ஒருமுறை அளவு தெரிந்துவிட்டால் அதுவே உங்கள் வாளிக் கணக்கு. கலந்த அன்றே ஊற்றிவிடுங்கள்.

உடனடி நிவாரணத்துக்கு அன்னபேதி எனும் இரும்பு சல்பேட் லிட்டருக்கு 5 கிராம், எலுமிச்சை உப்பு 1 கிராம் சேர்த்து மாலையில் இலைக்குத் தெளிக்கலாம். அன்னபேதியை வெறுமனே காரமான பையில் போடுவது வீண், அதுவும் துருவாகிவிடும். வேரில் கொடுக்க வேண்டுமானால் செலேட் இரும்பு, அதாவது துருவாகாமல் பிடித்து வைக்கும் பொருளோடு சேர்ந்த இரும்பு. அதிலும் பாக்கெட்டைப் படியுங்கள்: ஈடிடிஏ (EDTA) என்றால் பிஎச் 6.5க்கு மேல் பிடி விட்டுவிடும், அதை இலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈடிடிஎச்ஏ (EDDHA) விலை கூடுதல்தான், ஆனால் காரமான பையில் தாக்குப்பிடிப்பது அதுதான். 15 லிட்டர் பைக்கு 1 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து ஊற்றினால் போதும், தண்ணீர் இரத்தச் சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம். பத்து நாளில் வரும் புதுக் கொழுந்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெளுத்த பழைய இலை முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

பிறகு சேர்த்தது:

முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் போட்டும் கொழுந்து வெளுக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். போட்டதாலேயே வெளுக்கிறது, இரண்டும் காரம். தக்காளியின் அடிப்புறம் கறுத்து அழுகுவதற்கு முட்டை ஓடு போடுவதும் கடின நீர்க்காரர்களுக்குத் தேவையில்லை. தண்ணீரிலேயே சுண்ணாம்பு ஏராளம். ஒருநாள் காயவிட்டு மறுநாள் கொட்டுவதால்தான் அது காய்க்குப் போய்ச் சேரவில்லை. வெயில் காலத்தில் காலை, மாலை பிரித்து ஊற்றுங்கள்.

எப்சம் உப்பையும் கால்சியம் நைட்ரேட்டையும் ஒரே டப்பாவில் கெட்டியாகக் கலக்காதீர்கள். ஜிப்சமாகி அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும்.

மார்கழி, தை மாதங்களில் கறிவேப்பிலை மஞ்சளாகி இலை கொட்டினால் அது குளிரின் வேலை. அப்போது உரம் வேண்டாம், தண்ணீரையும் குறையுங்கள். மாசியில் நுனி கிள்ளி விட்டு, புதுத் துளிர் வந்த பிறகு தொழுஉரம் வையுங்கள்.