அம்மாவிடம் வருஷம் கேட்காதீர்கள்

அம்மாவின் கதையை எழுதி வைக்க நினைக்கிறவர்கள் முதலில் செய்யும் தப்பு, நோட்டும் பேனாவுமாக எதிரில் போய் உட்காருவது. நானும் அதைத்தான் செய்தேன். "உன் வாழ்க்கையப் பத்திச் சொல்லும்மா" என்றேன். "என்னத்தச் சொல்ல, பொறந்தோம், வளந்தோம், உங்களப் பெத்தோம்" என்று எழுந்து போய்விட்டாள்.

கைக்கு வேலை இருக்கும்போது பேச்சுக் கொடுங்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் அம்மா வாய் திறந்ததெல்லாம் முருங்கைக்கீரை ஆயும்போதுதான். கேள்வியையும் பொருளிலிருந்து தொடங்குங்கள். ஒருநாள் கடையில் வாங்கிய கால் கிலோ முந்திரிப்பருப்பைத் தட்டில் கொட்டினேன். அம்மா நாலைந்தை நகத்தால் புரட்டிப் பார்த்து, "தோல் சரியா போகல, பாதி உடைசல்" என்றாள். அவ்வளவுதான், அப்புறம் முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை. அப்பா போன பிறகு பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கப் போனது, கிலோ கணக்கில் கூலி, ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும் என்று சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தது, அப்படியும் விரலெல்லாம் கறுத்துப்போனது. "கல்யாண வீட்டுக்குப் போனா கையத் தலைப்புக்குள்ள வச்சுக்குவேன்" என்றாள். எங்கள் வீட்டுப் பழைய போட்டோக்களில் அம்மாவின் கை ஏன் தெரிவதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

சரி, வருஷம். அதை மட்டும் நேராகக் கேட்காதீர்கள். தெரியாது என்பார்கள், அல்லது நம்மைச் சமாதானப்படுத்த ஏதாவது சொல்வார்கள். ஊருக்கே தெரிந்த சம்பவத்தோடு முடிச்சுப் போடுங்கள். "அண்ணா செத்த வருஷம், ஆடி கழிஞ்சு கல்யாணம்" என்றாள். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி. ஆகவே 1969 ஆவணி. "எம்.ஜி.ஆர். போன மறுமாசம் உங்கப்பா" என்றால் 1988 ஜனவரி. கடலூர்க்காரர்களுக்கு சுனாமி (2004), தானே புயல் (2011 டிசம்பர் 30), 2015 வெள்ளம் என்று அடையாளக் கற்கள் நிறைய. தானேயில் சாய்ந்த பலாமரத்தை வைத்தே அம்மா பத்து வருஷக் கதையை முன்னும் பின்னும் சொல்வாள். பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியை முழுசாக நம்ப வேண்டாம். சேர்க்கும்போது வாத்தியார் போட்ட ஜூன் மாதத் தேதியாக இருக்கலாம்.

போனில் பதிவு செய்யும்போது ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். நடுவில் வந்த ஒரு லோன் அழைப்பில் என் பதிவு நின்றுபோய், அம்மா பிறந்த வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொன்னது போய்விட்டது. மறுபடி கேட்டேன், சொன்னாள், ஆனால் அந்தச் சிரிப்பு வரவில்லை. முடிந்த கையோடு கோப்புக்குத் தேதியும் விஷயமும் சேர்த்துப் பெயர் வையுங்கள், இன்னொரு பிரதி தங்கச்சி போனில் இருக்கட்டும்.

எழுதும்போது அவர்கள் பேச்சைத் திருத்தாதீர்கள். "கையத்" என்றால் "கையத்"தான். "இத எழுதாத" என்று சொன்னதை எழுதாதீர்கள். என்னிடம் அப்படி மூன்று விஷயங்கள் இருக்கின்றன, நோட்டில் இல்லை.

போட்டோக்களின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் பெயர் எழுதுங்கள். பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். இதை அம்மா இருக்கும்போதே உட்கார்ந்து முடித்திருக்க வேண்டும், நான் தள்ளிப்போட்டேன். கல்யாணப் போட்டோவில் அவளுக்கு இடப்பக்கம் ரெட்டைச் சடையோடு ஒரு பெண் நிற்கிறாள். பெரியம்மா ஒரு பேர் சொல்கிறார், நெல்லிக்குப்பம் சித்தி வேறு பேர் சொல்கிறார். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் எல்லோரும் சேர்வோம். படத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப்போகப் போகிறேன்.